ஸ்பின் பரவல் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் பிஎச்டி பண்ணது மில்லிகெல்வின் குளிர்ல (பூஜ்ய கெல்வினுக்கு மேல டிகிரில ஆயிரத்துல சில பங்கு) ஹீலியம்-3 என்எம்ஆர், அதாவது ஹீலியத்தோட லேசான வகைல அணுக்கரு காந்தத்தை ரேடியோ அலையால அளக்குறது. ஸ்பின்னுங்கறது ஒவ்வொரு அணுக்கருவும் குட்டி காந்தம் மாதிரி இருக்கிற குணம். ஸ்பின் போலரைஸ் ஆன (நிறைய ஸ்பின் ஒரே பக்கம் திரும்பின) திரவத்துல ஸ்பின் எப்படி பரவுது, அது திசைக்கு திசை மாறுமான்னு கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா வரேன்.

ஜேசி (ஜூனியர் காலேஜ்) மாணவர்: அக்கா, கோப்பில பால் கலக்குறதும் டிஃப்யூஷன்தானே (பரவல்), அதுல திசை எங்க வருது?

நல்ல கேள்வி தம்பி, நிறைய பேர் தடுக்கி விழுற இடமே இதுதான். மூளை எம்ஆர்ஐல தண்ணி நரம்பு வழியா ஒரு பக்கம் ஈசியா பரவும், அது இடத்துல இருக்கிற திசை. இங்க திசை ஸ்பின்னோடது. காந்தமாக்கம் (எல்லா ஸ்பின்னும் சேர்ந்த மொத்த காந்தம்) வெளி காந்த ஃபீல்டு பக்கமாவே இருந்து, அதோட அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறினா ஒரு பரவல் எண் (எவ்வளவு வேகமா பரவுதுங்கற அளவு), அளவு அப்படியே இருந்து சாய்ஞ்ச திசை மாறினா வேற எண்.

ஒரு அண்ணன்: ரெண்டும் ஏன் வேற வேற?

மேல் ஸ்பின்னுக்கு ஒரு ஃபெர்மி கோளம் (குளிர்ல அணுக்கள் நிரப்பி வெச்சிருக்கிற உந்த நிலைகளோட உருண்டை), கீழ் ஸ்பின்னுக்கு ஒண்ணு, போலரைஸ் பண்ணா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. முதல் வகைல மோதுறதெல்லாம் அந்தந்த கோளத்தோட விளிம்புல இருக்கிறதுங்க மட்டும்தான், குளிர குளிர மோத இடமே இல்லாம போகும், அதனால பரவல் எண் 1/T² (T டெம்பரேச்சர்) மாதிரி ஏறிக்கிட்டே போகும். ஆனா சாய்ஞ்ச ஸ்பின்னு மேலும் கீழும் கலந்த நிலை, ரெண்டு கோளத்துக்கும் நடுவுல இருக்கிற அத்தனை நிலையும் அதுல பங்கெடுக்குது, அதனால டெம்பரேச்சர் பூஜ்யத்தை நெருங்கினாலும் மோதல் நிக்காது, எண் ஒரு அளவோட நின்னுடும். எனக்கு இந்த துறைலயே ரொம்ப புடிச்ச விஷயம் இது. பத்து டெஸ்லா ஃபீல்டுல சில மில்லிகெல்வின் பக்கத்துல இந்த வித்தியாசம் தெரியணும்.

பாலிடெக்னிக் மாணவி: எப்படி அளக்குறாங்க அக்கா?

ஸ்பின் எக்கோதான்மா, 1950ல ஹான் கண்டுபிடிச்சது. ஃபீல்டு இடத்துக்கு இடம் மாறுற மாதிரி கிரேடியண்ட் வெச்சு, ஸ்பின்ன சாய்க்கிற ரேடியோ பல்ஸ் ரெண்டு குடுத்தா எக்கோன்னு ஒரு சிக்னல் திரும்பி வரும், ஸ்பின் இடம் மாறின அளவுக்கு எக்கோ சுருங்கும், பல்ஸ் இடைவெளியோட மூணாவது அடுக்குல. ஆனா வெறும் உயரத்தை பாத்தா பத்தாது. 1968ல லெக்கெட், ரைஸ்னு ரெண்டு இயற்பியலாளர்கள் சொன்ன மாதிரி, பக்கத்து ஸ்பின்களோட ஃபீல்டால ஸ்பின் ஓட்டமே சுத்தும், எக்கோவோட ஃபேஸும் (அலையோட கோணம்) திரும்பும், அது முதல் பல்ஸ் எவ்வளவு சாய்ச்சதுங்கறத பொறுத்து மாறும். அதனால கோணத்தை மாத்தி மாத்தி எடுத்து உயரம், ஃபேஸ் ரெண்டையும் சேர்த்து ஃபிட் பண்ணணும்.

எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?

இல்ல, ஃபோமின்னு ஒரு இயற்பியலாளர் 1990கள்லயே சாய்ஞ்ச ஸ்பின்னோட எண் நின்னுடும்ங்கற கணக்கு தப்புன்னு வாதாடினார், அளந்தவங்களுக்குள்ளயும் ஒத்துப்போகல. எனக்கு இந்த வித்தியாசம் உண்மைன்னுதான் படுது.

சிங்கப்பூர்ல பண்ண முடியுமா?

கியூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டர் பிட்) வேலைக்கு, மில்லிகெல்வின் வரைக்கும் குளிர வைக்கிற டைல்யூஷன் ஃபிரிட்ஜ் இங்கயும் இருக்கு, அது குளிர்றதே ஹீலியம்-3ம் ஹீலியம்-4ம் கலந்த திரவத்தாலதான், நாம பேசுற சாம்பிளும் அதே மாதிரி கலவையா இருக்கலாம். கூட பெரிய காந்தமும் நல்ல காயிலும் வேணும், ஹீலியம்-3ம் விலை அதிகம்தான்.