அந்தத் தொட்டியைக் கழுவுவது யார்?

கேள்வி: எட்டு மாதமாக எங்கள் குடும்பத்தைச் சுற்றுச்சூழலைக் கெடுக்காத வாழ்க்கைக்கு மாற்றப் பாடுபடுகிறேன். மக்கு உரத்தொட்டி வாங்கினேன். உள்ளே விரிக்க மக்கும் பைகளும் வாங்கினேன். பன்னிரண்டு துணிப்பைகள், எல்லோருக்கும் மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடிகள் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை மொத்தமாக ஒழித்துக்கட்டினேன். ஆனால் கணவருக்கும் 13, 9 வயதுப் பிள்ளைகளுக்கும் அக்கறையே இல்லை. குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னால் முணுமுணுப்பு. உரமும் இதுவரை ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை. நாற்றம் தாங்காமல் அத்தைதான் தினமும் காலையில் தொட்டியைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவைக்கிறார். தண்ணீர், மின்சாரத்திலும் சிக்கனமாக இருக்க ஆசை. வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அத்தையைப் பற்றிய அந்த ஒரு வரியைத் தாண்டி நகர முடியவில்லை. எட்டு மாதம் என்றால் சுமார் 240 காலைகள். அத்தனை காலையும் வயதான ஒருவர் குனிந்து நின்று, அழுகியதைக் கொட்டி, அடியில் கொழகொழவென்று ஒட்டியிருப்பதைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செய்ய வேண்டாமென்று யாரும் தடுக்கவும் இல்லை. பிள்ளைகள் முணுமுணுத்ததால் அது உங்கள் காதில் விழுந்தது. அவர் வாய் திறக்காததால் அவர் பட்ட பாடு விழவில்லை.

வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை என்கிறீர்கள். அந்தத் தொட்டிக்குள் தினமும் கைவிட்ட ஒரே ஆள் அவர்தானே? வாங்கிவைத்தது நீங்கள். சுமந்தது அவர். பெரியவர் ஒருவரின் முதுகுவலியில் நடக்கும் எந்த நல்ல பழக்கத்தையும் நல்ல பழக்கம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கு இன்னும் வலிக்கும். அவர் அப்படிக் கழுவியதால்தான் உரம் ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை. கழிவை மட்கவைப்பவை நுண்ணுயிர்கள். அவை பெருகி வேலையைத் தொடங்கவே சில நாள் பிடிக்கும். தினமும் கழுவினால் உங்கள் தொட்டிக்குத் தினமும் முதல் நாள்தான். கொட்டிய கழிவெல்லாம் பொதுக் குப்பைக்கே போயிருக்கிறது. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் அதிலிருந்து மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கழுவிய தண்ணீரையும் கணக்குப் போடுங்கள். நாளுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலே 2,400 லிட்டர். இதை அவரிடம் சொல்லாமல் விட்டது அவர் குற்றமல்ல.

நாற்றத்துக்குக் காரணம் அந்தப் பை. தொட்டியில் இருக்கும் துளைகளை அது உள்ளிருந்து அடைத்துவிடுகிறது. காய்கறித் தோலிலிருந்து கசியும் நீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்குகிறது. காற்றும் புகாது. அந்த நிலையில் வளர்வது காற்று வேண்டாத கிருமி வகை. அழுகிய முட்டை வாடை அதன் வேலை. மக்கும் பை என்று விற்பதில் பெரும்பாலானவை பெரிய உர ஆலைகளில், 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல வாரம் கிடந்தால்தான் மக்கும். வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு வரவே வராது. மாதக்கணக்கில் கிடந்தாலும் பை பையாகவே இருக்கும். ஆகவே முதலில் பையை எடுத்துப் போடுங்கள்.

துளைகளைப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவில், பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்றாக, அடியிலும் ஐந்தாறு இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பியைச் சுட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கிவைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சுள்ளி, காய்ந்த சருகு, கிழித்த அட்டைப்பெட்டி. அதன்மேல் இரண்டு கை தோட்டத்து மண்; நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் வரும். பிறகு, ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள் போட்டே ஆக வேண்டும். சருகு, மரத்தூள், மை பளபளக்காத காகிதத் துண்டு எதுவானாலும் சரி. எட்டு மாதமும் நீங்கள் விட்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் காய்ந்த பொருளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஈரக் கழிவு மட்டும் போட்டால் பை இல்லாவிட்டாலும் நாறும். தோலைப் பெரிது பெரிதாகப் போடாதீர்கள், விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மட்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். சமைத்த மிச்சம், இறைச்சி, பால், எண்ணெய் முதல் ஆறு மாதத்துக்கு உள்ளே போகக் கூடாது. எலியும் ஈயும் தேடி வரும். மேலாக எப்போதும் ஒரு காய்ந்த அடுக்கு மூடியிருக்கட்டும். பழ ஈ மொய்த்தால் அந்த அடுக்கு போதவில்லை என்று பொருள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். கிளறும்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதம் சரி. தண்ணீராக ஓடினால் காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். பிடி உதிர்ந்துபோனாலோ எறும்பு ஏறினாலோ தண்ணீர் தெளியுங்கள். மூக்கைச் சுரீரென்று தாக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம்; புளிப்பும் முட்டை வாடையும் வந்தால் காற்று போதவில்லை. வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள், வேலை நடக்கிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு தொட்டி போதாது. பழைய பெயிண்ட் வாளி இரண்டைக் கழுவித் துளைபோட்டு வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். ஒன்று நிறைந்ததும் தேதி எழுதி ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததில் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் போட்ட பொருள் எதுவும் அடையாளம் தெரியாமல் கறுத்து, மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். அதுவரை அதற்குத் தண்ணீர்க் குழாயைக் காட்டவே கூடாது.

இதில் யாருக்கு எந்த வேலை என்பதை நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சொல்கிறேன். 13 வயதுப் பிள்ளை கிளறலாம். பிழிந்து பதம் பார்க்கவும் கற்றுக்கொள்ளட்டும். 9 வயதுப் பிள்ளை சருகு பொறுக்கி, அட்டை கிழித்துக் காய்ந்த பொருள் கூடையை நிரப்பட்டும். அடித்தட்டில் சேரும் நீரை ஊற்றிக் கழுவுவதும் நிறைந்த தொட்டியைத் தூக்கி நகர்த்துவதும் உங்கள் கணவர் வேலை. தன் தாய் 240 நாள் செய்ததை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? முதல் ஒரு மாதம் இவர்களோடு தொட்டியருகே நீங்கள் நிற்க வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்து பார்க்காத பிள்ளைக்கு எவ்வளவு விளக்கினாலும் முணுமுணுப்புதான் வரும். புரியவைப்பது எப்படி என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

வாங்குவதை நிறுத்துங்கள். துணிப்பையைப் பற்றிப் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு வெப்பமயமாதல் கணக்கில் ஒப்பிட்டால், ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் ஈடாகும் என்றது. உங்களிடம் பன்னிரண்டு. வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஒரு பை எடுத்தால் எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்குக் கொண்டுவரப் பதினைந்து ஆண்டு ஆகும். மூன்றை வாசலருகே மாட்டிவையுங்கள், மற்றதைக் கொடுத்துவிடுங்கள். மூங்கில் பிரஷின் தூரிகை பெரும்பாலும் நைலான். தூக்கியெறியும் நாளில் குறட்டால் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். நல்ல நிலையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை எறிந்தது தவறு. சூடான உணவுக்கு வேண்டாம் என்பது சரி. ஆணி, பட்டன், விதை, தானியம் போட அவை இன்னும் பத்தாண்டு உழைத்திருக்கும்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்: நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு இருபது லிட்டரை ஒட்டிப் போகிறது. கொதிக்கவைக்கும் பாத்திரத்தை மூடுங்கள். ஃப்ரிட்ஜை 4 டிகிரியில் வைத்து, கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். 60 வாட் குண்டு பல்பு எங்காவது மிச்சமிருந்தால் 9 வாட் எல்இடி போடுங்கள், வெளிச்சம் ஏறக்குறைய அதே அளவு.

ஆனால் இவையெல்லாம் அடுத்த வாரத்துக்கு. நாளைக் காலையில் அத்தை எழுவதற்கு முன் நீங்கள் எழுந்து அந்தப் பையை எடுத்துப் போடுங்கள். அவர் வந்ததும், இனி இதைக் கழுவ வேண்டாம், இத்தனை நாள் உங்களைக் கழுவவிட்டது என் தவறு என்று சொல்லுங்கள். பிள்ளைகள் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். நீங்களே, நேரில்.