கருத்துக்கணிப்பு: ஆயிரம் பேரைக் கேட்டால் நாட்டின் மனசு தெரியுமா?

"கல்லூரிக் கட்டணம் அதிகம் என்று இத்தனை சதவீதம் மக்கள் நினைக்கிறார்கள் என்று போடுகிறார்களே, என்னை யாரும் கேட்கவே இல்லையே?" இதுதான் கேள்வி. கருத்துக்கணிப்பு என்றால் கொஞ்சம் பேரைக் கேட்டு மொத்தப் பேரின் எண்ணத்தைக் கணிப்பது. மீன் குழம்பு வைக்கும்போது சட்டியையே குடித்தா உப்புப் பார்க்கிறோம்? நன்றாகக் கிண்டிவிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினால் போதும்.

சூட்சுமம் அந்தக் கிண்டுவதில்தான். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்று மாணவர்களிடம் மட்டும் கேட்டால், அது மத்திய அரசு நிறுவனம், கட்டணம் குறைவு, "பரவாயில்லை" என்பார்கள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்காக நகையை அடகு வைத்துவிட்டு வரும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். யார் பெயருக்கு வேண்டுமானாலும் குலுக்கல் சீட்டு விழலாம் என்கிற மாதிரி ஆட்களை எடுத்தால்தான் கணக்கு நிற்கும். 1936-இல் அமெரிக்காவில் ஓர் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிலை வைத்து அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பிடித்து அனுப்பிய சீட்டுகள் அவை, மனிதர் அமோகமாக ஜெயித்தார்.

அப்புறம் கேள்வியின் வாசகம். "கல்லூரி இலவசமாக வேண்டுமா?" என்றால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? "அதற்காக வரி ஏறினாலும் சரியா?" என்று சேர்த்துப் பாருங்கள். என்ன கேட்டார்கள் என்று போடாத கணிப்பை நான் படிப்பதே இல்லை.

நாடு பெரிதென்றால் அதற்கேற்ப நிறையப் பேரைக் கேட்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சரியாகக் கலந்து எடுத்த 1000 பேர் என்றால் புதுச்சேரிக்கும் சரி, முழு இந்தியாவுக்கும் சரி, முடிவு ஏறக்குறைய 3 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அண்டாவில் வைத்த குழம்புக்கும் அதே ஒரு சொட்டுதானே.