மாப்பிள்ளைக்குக் காப்பி வாட்ச் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வாட்ச் என்றால் எனக்கு உயிர். ஒரிஜினல் வாங்க வசதி இல்லாததால் ஆறு வருடமாக ஃபர்ஸ்ட் காப்பிகளைச் சேர்த்து வருகிறேன். ரோலெக்ஸ் மூன்று, ஒமேகா, டாக் ஹாயர் என்று ஏழு இருக்கிறது. லெதர் ஸ்ட்ராப்புகள் நாற்றம் எடுக்கின்றன, ஒன்றில் மேல்தோல் உரிகிறது. தங்கக் கலர் ரோலெக்ஸைக் கட்டினால் மணிக்கட்டு அரிக்கிறது. இன்னொன்றில் கண்ணாடிக்கு உள்ளே பனி படிகிறது. எப்படிப் பராமரிப்பது? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போட வேண்டும். இருப்பதில் மூன்றை விற்று, இன்னும் கொஞ்சம் சேர்த்து 15,000 ரூபாய்க்கு ‘சூப்பர் க்ளோன்’ ரோலெக்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். அசலுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போடாதீர்கள், தம்பி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நீங்கள் ஆசைக்குக் கட்டும் காப்பி உங்கள் கையோடு போகிறது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை கையில் போடுவது அப்படியல்ல. ‘மச்சான் ரோலெக்ஸ் போட்டாராம்’ என்று பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிடும். அவர் அதை நம்பிக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போவார். இரண்டு வருடம் கழித்து சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டு போவார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாட்சின் பின்மூடியைத் திறந்த அடுத்த நிமிடம் தெரிந்துவிடும், இதை நாங்கள் தொடுவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் பதில் சொல்லப்போவது நீங்கள் இல்லை, உங்கள் தங்கை. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவராக இருந்தால் இன்னும் சிக்கல். சுவிட்சர்லாந்தில் 2008 ஜூலையிலிருந்து, சொந்த உபயோகத்துக்கு என்று ஒரே ஒரு போலி வாட்சைக் கொண்டுபோனாலும் சுங்கத்தில் பறிமுதல் செய்யலாம்.

மூன்றை விற்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். போலி முத்திரை உள்ள பொருளை விற்பது 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 104-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘இது காப்பிதான்’ என்று சொல்லி விற்றேனே என்பது அங்கே எடுபடாது. வாங்கியாயிற்று, உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் க்ளோன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 22 வருடம் ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பேட்டரி இல்லாமல் கை அசைவில் ஓடும் சாதாரண ஆட்டோமேட்டிக் காப்பிகளில் பெரும்பாலும் ஜப்பானின் மியோட்டா மெஷின் அல்லது அதைப் பார்த்துச் செய்த சீன மெஷின் இருக்கும். கெட்டால் மெஷினையே மாற்றிவிடலாம், செலவு குறைவு. விலை உயர்ந்த க்ளோன்களில் ரோலெக்ஸின் 3135 போன்ற மெஷினையே அப்படியே நகலெடுத்திருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் அதற்குப் பாகம் எங்கே தேடுவது? அசல் பாகம் நம் கைக்கு வராது, வந்தாலும் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. உங்கள் 15,000 ரூபாய் அப்படியே மேஜை டிராயருக்குள் போய்விடும்.

சரி, கையில் இருக்கும் ஏழுக்கு வருவோம்.

பனி படியும் வாட்சுதான் அவசரம். இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அரிசி டப்பாவுக்குள் புதைக்க வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். சூடு பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மெஷின் முழுக்கப் பரவும். நான்கைந்து நாளில் திருகுகளில் துரு பிடிக்கும். டயலில் 300 மீட்டர் என்று போட்டிருக்கும், அதை நம்பிக் கையோடு கழுவியிருப்பீர்கள். ரோலெக்ஸின் அசல் சப்மரைனர் மாடலில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒவ்வொரு வாட்சையும் தண்ணீர் அழுத்தத்தில் வைத்துப் பார்த்த சோதனை இருக்கிறது. காப்பியில் அது வெறும் அச்சு. இப்படிப் பனி படிந்த ஒன்றை ஒருமுறை திறந்தபோது, மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் நசுங்கி, சேமியா மாதிரி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டியவர் ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் போதும். உங்கள் வாட்சுக்குப் புது வளையம் போட்டு, சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடச் சொல்லுங்கள். அப்படிச் செய்த பிறகும் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏழுக்கும் இதேதான்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நிக்கல். மலிவான தங்கக் கலர் காப்பிகளில் கீழே பித்தளையோ துத்தநாகக் கலவையோ இருக்கும். அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே மெல்லிசாகத் தங்க நிறப் பூச்சு. வியர்வை பட்டு மேல்பூச்சு தேய்ந்ததும் நிக்கல் தோலில் படுகிறது. அரிக்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கொக்கி படும் இடத்திலும் மூடி படும் இடத்திலும் மட்டும் தடிப்பு என்றால் உலோகம்தான் காரணம். பட்டை படும் இடம் முழுக்கச் சிவந்திருந்தால் ஈரம், சோப்பு, சாயம் இவற்றில் ஒன்று. எதுவானாலும் அந்த வாட்சைக் கழற்றி வையுங்கள், தடிப்பு ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள். நிக்கல் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அநேகமாக ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது. உலோகத்தின்மேல் நகப்பூச்சு அடித்துக் கட்டுவது இரண்டு வாரம்கூடத் தாங்காது. பளபளப்புக்காக டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் மீதிப் பூச்சும் போய்விடும்.

ஸ்ட்ராப்பில்தான் எனக்கு உங்களோடு நிறையப் பேச வேண்டும். வாட்ச் காப்பியாக இருக்கலாம், ஆனால் அதில் நல்ல தோல் ஸ்ட்ராப் ஒன்றை மாட்டினால் அது அசல் தோல். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட ஊர்கள் நம்முடையவை. திண்டுக்கல்லும் ஈரோடும் அதற்குப் பேர் போனவை. அந்தப் பொருளின் அருமை நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் எது தோல், எது இல்லை என்று பிரித்துவிடுங்கள். ஸ்ட்ராப்பின் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டின ஓரத்தைப் பாருங்கள். நார் நாராக, பஞ்சு மாதிரி தெரிந்தால் தோல். துணியின் மேல் பாலிதீன் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருந்தால் ரெக்சின். உங்களிடம் உரிகிறதே, அது இதுதான். எந்த கிரீமும் அதைக் காப்பாற்றாது, கழற்றிப் போட்டுவிடுங்கள்.

தோலுக்கு எதிரி வியர்வைதான். திருப்பூர் வெயிலில் எட்டு மணி நேரம் கட்டிய ஸ்ட்ராப், வியர்வையின் உப்பை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். அதை அப்படியே டப்பாவில் வைத்து மூடினால் பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு துடை, உலர்ந்த துணியால் ஒரு துடை. ராத்திரி ஃபேன் காற்றுப் படும் இடத்தில் மேஜைமேல் கிடக்கட்டும். ஒரே தோல் ஸ்ட்ராப்பை இரண்டு நாள் தொடர்ந்து கட்டாதீர்கள். ஏழு வாட்ச் வைத்திருப்பவருக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லெதர் கிரீம், விரல்நுனியில் மிளகளவு எடுத்து மேல்பக்கம் மட்டும் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் கறுத்து, தொளதொளவென்று ஆகி, ஓட்டைகள் நீண்டுவிடும். சானிடைசரும் சென்ட்டும் கையில் காய்ந்த பிறகு கட்டுங்கள். ஏற்கெனவே நாற்றம் ஏறி ஊறிப்போனதை மீட்க முடியாது. அதற்குச் செலவு செய்வதைப் புது ஸ்ட்ராப்பில் போடுங்கள்.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் தோலை எடுத்து வைத்துவிட்டு நைலான் நேட்டோ ஸ்ட்ராப் மாட்டுவது என் பழக்கம். 1973-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக வந்த வடிவம் அது. ஒரே பட்டை, ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் இரண்டு பின்னுக்கும் அடியில் ஓடுவதால், ஒரு பின் கழன்றாலும் வாட்ச் கீழே விழாது. காப்பி வாட்சுகளின் பின்கள் மெல்லிசானவை என்பதால் உங்களுக்கு இது இரட்டை லாபம். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயப்போடலாம்.

ஸ்ட்ராப் வாங்குவதற்கு முன் வாட்சில் ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 மி.மீ. என்று வரும். மாற்றும்போது மடித்த துண்டின் மேல் வாட்சைக் கவிழ்த்து வையுங்கள். பின் தெறித்தாலும் துண்டிலேயே விழும். செயின் வாட்ச் என்றால் செயினை மட்டும் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். கணுக்களில் இருந்து வரும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் மாதம் ஒருமுறை நீங்களே செய்வீர்கள்.

மெஷின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி தீர்ந்த வாட்சில் அதை அப்படியே விடாதீர்கள், கசிந்தால் மெஷின் போய்விடும். ஆட்டோமேட்டிக்கில் ராத்திரி 9 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே தேதியை மாற்றாதீர்கள், தேதிச் சக்கரத்தின் பல் உடையும். திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். கடையில் ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள்.

இனி மாப்பிள்ளை வாட்ச். 15,000 ரூபாய் என்பது சின்னப் பணமில்லை. மூன்றை விற்காததால் அதில் கொஞ்சம் குறையும், குறையட்டும். மிச்சத்தில் டைட்டனோ சிட்டிசனோ கேசியோவோ தாராளமாக வாங்கலாம். டைட்டன் 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய கம்பெனி, எந்த ஊருக்குப் போனாலும் சர்வீஸ் இருக்கும். ரோலெக்ஸ் சாயல்தான் பிடிக்கிறதென்றால், சுழலும் வளையம் வைத்த டைவர் வாட்சுகள் பல கம்பெனிகளில் அவரவர் சொந்தப் பெயரிலேயே வருகின்றன. அப்படி ஒன்றைப் பாருங்கள். வாங்கும் முன் தங்கையிடம் சொல்லி மாப்பிள்ளையின் மணிக்கட்டு அளவைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மேடையில் மாட்டும்போது செயின் முழங்கைக்கு நழுவக் கூடாது. அளவுக்குக் கழற்றிய கணுக்களைக் கடையில் விட்டுவிடாமல், பில்லோடும் வாரண்டி அட்டையோடும் அதே டப்பாவில் போட்டுத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள்.