ஈயின் கண்ணில் என்ன தெரியும்?

கேள்வி: பழ ஈயை வைத்து அல்சைமர் ஆராய்ச்சி செய்கிறார்களாமே, ஞாபகம் என்று ஒன்று இருந்தால்தானே ஈக்கு மறதி வரும்?
– திண்டுக்கல் வாசகி

இருக்கிறதே! ஒரு வாசனையைக் காட்டி, கூடவே ஷாக் கொடுத்தால் அடுத்த முறை அந்த வாசனை இருக்கும் பக்கம் ஈ தலைவைத்துக்கூடப் படுக்காது. இந்தப் பாடம் மண்டையில் ஏறாத ஒரு ரகத்தை 1976இல் மரபியல் விஞ்ஞானி சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் கண்டுபிடித்து, அதற்கு 'டன்ஸ்', அதாவது மக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஈக்கு அல்சைமர் தானாக வராது, நாம்தான் கொடுக்க வேண்டும். நோயாளியின் மூளையில் அமைலாய்டு பீட்டா, டாவ் என்று இரண்டு புரதங்கள் திரண்டு கிடக்கும் (நம்மூர் 'டாவு' வேறு). மனிதனின் டாவ் மரபணுவை ஈக்குள் வைத்து, கண்ணில் மட்டும் வேலை செய்யும்படி முடுக்கிவிடுகிறார்கள். ஏன் கண்? கண் கெட்டாலும் ஆய்வகக் குப்பிக்குள் ஈ பிழைத்துக்கொள்ளும், தவிர சுமார் 800 குட்டிக் கண்கள் தேன்கூடு மாதிரி வரிசை பிசகாமல் அடுக்கியிருப்பதால், உள்ளே நரம்பணுக்கள் கெட்டால் அந்த வரிசை கலைந்து கண் சொரசொரவென்று சிறுத்துப்போவது நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்துவிடும். அப்புறம் இந்த ஈயை, வேறொரு மரபணு மாற்றப்பட்ட ஈயோடு இணைசேர்த்து, பிறக்கும் குஞ்சுகளின் கண்ணைப் பார்ப்பார்கள். இன்னும் மோசமாகியிருந்தாலோ, கொஞ்சம் தேறியிருந்தாலோ அந்த மரபணுவுக்கும் டாவுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று அர்த்தம். இப்படியே ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக விசாரிக்கலாம், முட்டை ஈயாக 10 நாள்தானே ஆகிறது! எலியை வைத்து இதைச் செய்யக் கிளம்பினால் ஆயுசு போதாது.

கேள்வி: சரி, ஈயில் பலித்த மருந்து மனிதனுக்கும் பலிக்குமா?
– அதே வாசகி

அவசரப்படாதீர்கள். மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் முக்கால்வாசிக்கு ஈயிடம் ஒரு ஜோடி உண்டு என்பது உண்மை. ஆனால் வயதான காலத்தில் வரும் அல்சைமருக்கு மிகப் பெரிய மரபணு ஆபத்தான ஏபிஓஇ4 (ஏபிஓஇ என்ற மரபணுவின் ஒரு ரகம்) இருக்கிறதே, அந்த ஏபிஓஇ மரபணுவே ஈக்குக் கிடையாது, அதையும் நாம்தான் கடன் கொடுக்க வேண்டும். மூளையில் காவல் காக்கும் நம் மைக்ரோகிளியா அணுக்களும் அதனிடம் இல்லை. அப்படியானால் ஈ எதற்கு? நோயாளிகளின் மரபணுக்களை அலசினால், மரபணுக்கள் வரிசையாக இருக்கும் குரோமோசோமில் 'இந்தத் தெருவில் திருடன் இருக்கிறான்' என்கிற அளவுக்குத்தான் பெரும்பாலும் துப்புக் கிடைக்கும். எந்த வீடு, அதாவது எந்த மரபணு என்று தேட ஈ உதவும். மருந்தெல்லாம் எலியைத் தாண்டி மனிதர்களிடம் சோதித்த பிறகுதான்.