எலிக்கு வெச்ச கேக் கூகையைக் கொல்லுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூணு ஏக்கர் சம்பா. எலி வெட்டு தாங்கல. மருந்துக்கடைல நீலக் கேக் குடுத்து "எலி மட்டும்தான் சாகும்"ங்கிறாங்க. மோட்டார் கொட்டகைல கூகை ஆந்தை ஜோடி ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏதாச்சும் ஆகுமா சார்?

பதில்: ஆகும். கேக்கை கூகை தொடாது, அது வரைக்கும் கடைக்காரர் சொல்றது சரி, ஆனா எலியைத் தொடுமே. பெரும்பாலும் அதுல இருக்கிறது புரோமாடியோலோன், ரத்தத்தை உறையவிடாம பண்ற மருந்து. தின்ன எலி சாக நாலஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் திரும்பத் திரும்பத் தின்னு ஈரல்ல சேத்துக்கிட்டு, தள்ளாடிக்கிட்டு வரப்புலயே நிக்கும். கூகைக்கு இதைவிட சுலபமான இரை ஏது, முழுசா முழுங்கிரும். ஒரு எலியில விழாது, தினமும் ரெண்டு மூணுன்னு சேர்ந்து அது ஈரல்லயும் மாசக்கணக்கா தங்கிட்டு ஒருநாள் உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு செத்துக் கிடக்கும்.

அதனால மருந்துக்குப் போறதுக்கு முன்னாடி மொதல்ல தஞ்சாவூர் கிட்டி, அதான் எலி பிடிக்கிற மூங்கில் பொறி, வைங்க. கிட்டிக்காரங்க எலிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, குடுக்கலாம்.

கறுப்பு பவுடர், அதான் சிங்க் பாஸ்பைடு, அது மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. எலி வயித்துல வாயுவாகி சில மணி நேரத்துலயே கொன்னுரும், கறியில தங்காது. அதனால பறவைக்கு ஆபத்து கம்மிதான், ஆனா இல்லவே இல்லன்னு நெனைக்காதீங்க. பருந்து கிழிச்சுத் திங்கும், குடலை பல தடவை ஒதுக்கிரும், கூகை குடலோட முழுங்கும், அந்த வயித்துல கரையாத மருந்து மிச்சம் இருந்தா? அதனால வளைக்குள்ள வெச்சு மண்ணு போட்டு மூடணும், காலைல செத்த எலியைப் பொறுக்கிப் புதைக்கணும், பிள்ளைங்க கைக்கு எட்டவே கூடாது, இதுக்கு மாத்து மருந்து கிடையாது.

இன்னொண்ணு, "கேக்குக்கு எலி சாகலையா, குருணை மருந்தை சோத்துல பெசைஞ்சு வைங்க"ன்னு ஒரு யோசனை சொல்லுவாங்க. அது பூச்சிக்குப் போடறது, எலிக்கு இல்ல. மயில், காக்கா, நாய் எல்லாம் வரப்புலயே விழும். சொன்னவர் பில்லு குடுப்பாரான்னு கேட்டுப் பாருங்க!

லேபிள்ல எச்சரிக்கை எல்லாம் இருக்கு, எறும்பு சைஸ்ல. யாரு படிக்கிறது? பறவை செத்தா வேளாண்மை ஆபீஸ் வனத்துறையைக் காட்டும், அவங்க கால்நடை ஆஸ்பத்திரியைக் காட்டுவாங்க, ஈரலை டெஸ்டுக்கு அனுப்பறதுக்குள்ள அது அழுகிரும்.

கூகை பறக்காம சோர்ந்து, வாய்க்குள்ள வெளுத்துக் கிடந்தா அட்டைப்பெட்டில இருட்டா வெச்சு டாக்டர்கிட்ட கொண்டுபோங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. கேக் தின்ன எலின்னு மறைக்காம சொல்லுங்க, அந்த கேக்குக்கு மாத்து மருந்தான வைட்டமின் கே1 வாரக்கணக்குல குடுக்கணும்.