பின்னணியை ஏன் மறைக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

நான் கோண்டாவிலில் இருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஆண்டுதோறும் ஹை பார்க்கின் செர்ரிப் பூக்களைப் படமெடுத்து அனுப்புவார். இந்த முறை எங்கள் வளவின் வேப்பம்பூவையும் வேலியோரத்து முள்முருக்கம் பூவையும் அவருக்கு அனுப்ப ஆசை. கைத்தொலைபேசியில் எடுத்தால் வேப்பம்பூ வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது. பின்னால் கிணறு, தண்ணீர்த் தாங்கி, கொடியில் உடுப்புகள். வடகத்துக்குப் பூச் சேர்க்க அம்மா மரத்தடியில் பழைய சீலையை விரித்துவிடுவார். அதுவும் படத்தைக் கெடுக்கிறது. பின்னணி மங்கலாக வர எந்தக் கமரா வாங்கலாம்? வேலியை எடுத்துவிட்டு மதில் கட்ட இருக்கிறோம். அதையொட்டி ஓர்க்கிட் வைத்தால் படத்துக்கு அழகாக இருக்குமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கமரா வாங்க வேண்டாம். ஓர்க்கிட் உங்கள் விருப்பம்.

வெள்ளைப் பொட்டுக்குக் காரணம் வெயில். சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நட்ட தடிக்கு நிழல் விழாது. அந்த வெளிச்சத்தில் அரைச் சென்ரிமீற்றர் இதழ் எப்படித் துலங்கும்? காலை ஏழு மணிக்கு முன்னர் எடுங்கள். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். காற்று ஓயும்வரை பொறுங்கள். ஐந்து இதழ்களும் பின்னோக்கி வளைந்திருப்பதும் நடுவில் சிறு குழல் நிமிர்ந்து நிற்பதும் உங்கள் தொலைபேசியிலேயே தெரியும்.

ஆனால் பின்னணியை மங்கலாக்கக் கேட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. கிணறு என்ன குற்றம் செய்தது? அம்மா விரித்த சீலை எதைக் கெடுத்தது?

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். 1990இல் வெளியேறினோம். பிறகு ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பிப் போனபோது அங்கே வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஆளுயரப் பற்றை. காணி உறுதியில் பரப்பும் எல்லையும் இருந்தன. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது எல்லையல்ல. அடுக்களை எங்கே இருந்தது, அப்பு எந்தத் திண்ணையில் கண்மூடினார் என்று அவர் தேடினார்.

உறுதியோடு சேர்ந்து எங்களுடன் அலைந்த ஒரேயொரு படம் கைகொடுத்தது. அக்காவின் சாமத்தியச் சடங்கன்று ஸ்ரூடியோக்காரர் அவரை வேலியோரத்து முள்முருக்கின் கீழ் நிறுத்தி எடுத்தது. பங்குனி மாதம், இலையெல்லாம் உதிர்ந்து கொப்பெல்லாம் பூ. கறுப்பு வெள்ளைப் படமாதலால் அந்தச் சிவப்பு கரியாகத்தான் விழுந்திருக்கிறது. அக்காவின் தோளுக்குப் பின்னால் கிணற்றுத் துலாவும் அதைத் தாங்கும் ஆடுகாலும், அதற்கும் அப்பால் அடுக்களைக் கூரையின் ஒரு மூலையும். பற்றையை வெட்டிக் கிணற்றுக்கட்டைக் கண்டுபிடித்ததும் அம்மா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடுகால் நின்ற பக்கத்தைக் கணக்குப் பார்த்து நடந்துபோய், “அடுக்களை இதிலதான்” என்று நின்றார். இன்று அங்கே மறுபடியும் அடுக்களை இருக்கிறது. அந்த ஸ்ரூடியோக்காரர் உங்களைப் போலப் பூவையும் பெண்ணையும் மட்டும் துலக்கி மற்றதையெல்லாம் புகைமூட்டமாக்கியிருந்தால் அம்மாவுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

உங்கள் அண்ணாவின் படங்களையே பாருங்கள். ஹை பார்க்கின் செர்ரி மரங்கள் 1959இல் தோக்கியோ மக்களின் சார்பில் ரொறன்ரோவுக்குக் கொடுக்கப்பட்ட 2,000 மரங்களில் தொடங்கியவை. அந்த நகரத்துக்கும் அவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது; அதனால்தான் சனமும் பாதையும் சேர்ந்த படங்கள் அங்கே எடுக்கப்படுகின்றன. வெறும் இதழை மட்டும் எடுத்தால் அது எந்த நாட்டுப் பூவாகவும் இருக்கலாம். உங்கள் வேப்பம்பூவுக்கும் அதே நிலைதான். கோண்டாவில் வளவொன்றில், உங்கள் அம்மாவின் சீலைக்கு மேலே பூத்தது என்று தெரியும்போதுதான் அது அண்ணாவின் வீட்டுப் பூ.

மதில் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. கிளுவையும் முள்முருக்கும் வேலி மட்டுமல்ல; ஆட்டுக்குக் குழை தந்தவை, குருவிக்குத் தேன் தந்தவை. கதியால்களைப் பிடுங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்களென்றால் அடுத்த பூப்பு வரையாவது பொறுங்கள். பிடுங்குமுன் வேலியை மூலைக்கு மூலை நின்று எடுங்கள். படலையிலிருந்து ஒன்று, கிணற்றடியிலிருந்து ஒன்று. கொடியில் காயும் உடுப்புகளை அகற்ற வேண்டாம்.

அம்மா சீலையிலிருந்து பூவைக் கூட்டி அள்ளும்போதும் எடுங்கள். விலகச் சொல்லாதீர்கள். பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்து, திகதியையும் வளவின் எந்த மூலை என்பதையும் பின்புறத்தில் எழுதி, காணி உறுதி இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். தொலைபேசி கிணற்றுக்குள் விழ ஒரு நொடி போதும். அண்ணாவுக்கும் தாளில் ஒரு பிரதி தபாலில் அனுப்புங்கள். கூடவே அம்மாவின் வடகத்தில் கொஞ்சமும்.