பாதி நண்பர்

கேள்வி: போராட்டத்தில் பிடித்து தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே வைத்தால், காரணத்தை வாயால் படித்துச் சொன்னாலே போதும் என்கிறார் என் வக்கீல் நண்பர். சரியா?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: 'வக்கீல் நண்பர்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். இந்தச் சட்டத்தில் அந்த இரண்டும் ஒட்டாது. விசாரணையில்லாமல் வைத்த காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீலோடு வர கைதிக்கு உரிமை கிடையாது. அது 11ஆம் பிரிவு. துணைக்கு நண்பர் வரலாம், ஆனால் அவர் நிஜமாகவே வக்கீலாக இல்லாதவராக இருக்க வேண்டும், இது ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. ஆக, உங்களவரில் நண்பர் பாதி உள்ளே போகலாம், வக்கீல் பாதி செருப்போடு வாசலில் நிற்கும். கோட்டைக் கழற்றி வைத்தாலும் செல்லாது. டீக்கடைக்காரர் வரலாம், நாடி ஜோசியர்கூட வரலாம்!

அவர் சொன்னதும் தப்பு. 1962இல் ஹரிகிஷண் வழக்கில் காரணங்களை இங்கிலீஷில் கொடுத்துவிட்டு, இந்தியில் வாயால் விளக்கினார்கள். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தியில் கொடுங்கள்' என்று கேட்டவருக்கு மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் காவலையே ரத்து செய்தது.

அது கிடக்கட்டும், எந்தச் சித்தூர்? பின்கோடு போடுங்கள் என்று எத்தனை முறைதான் அழுவது! 678101 என்றால் பாலக்காடு, காரணம் எழுதிய தாள் மலையாளத்தில் வரலாம். 517001 என்றால் ஆந்திரா, தெலுங்கு. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இரண்டுமே ஜிலேபி.

தாள் சாதாரணமாக 5 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். அடியில் 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்று தயாராக ஒரு வரி இருக்கும். அங்கேதான் ஆள் கவிழ்வது. அதன் கீழேயே தன் கையால், தமிழில், 'இந்த மொழி தெரியாது, தமிழ் நகல் வேண்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இங்கிலீஷில் மனு எழுதிப் பழகியவர் இதைச் சொன்னால் எடுபடாது. அரசு வக்கீல் பழைய தாளைத் தேடி எடுத்து நீட்டுவார். காரணத்துக்கு ஆதாரமாக வைத்த ஆவணங்களுக்கும் மொழிபெயர்ப்பு கேட்க வேண்டும். ஒரு முக்கியமான பக்கம் விட்டுப்போனதாலேயே உடைந்த உத்தரவுகள் உண்டு.

காவலை எதிர்க்கும் மனு மாநில அரசுக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று. சிறை சூப்பிரண்டிடம் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள். மனு மேஜையில் தூங்கிய நாளுக்குக் கணக்குக் கேட்க அதுதான் சாட்சி. மனு எழுதித் தர வக்கீலுக்குத் தடை இல்லை. வாசலில் நிற்கிற பாதியை அதற்குக் கூப்பிடுங்கள்.